மண்சுவரும் கரிவண்டியும்

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பல்லார்ஷாவை எட்டும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டிருந்தது. முந்தின நாள் மாலை சென்னை சென்ட்ரலில் ஏறினேன். மே மாதக் கடைசி வாரம். "இந்த வெயிலில் வார்தாவுக்கா?" என்று வீட்டில் கேட்டார்கள். அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து ஊரே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிற நாளில் ஒருவன் விதர்பாவுக்குக் கிளம்பினால் கேட்கத்தானே செய்வார்கள்! ஆனால் ஒரு மண்வீட்டின் யோக்கியதை மார்கழியில் தெரியாது. கோடையில்தான் தெரியும்.

பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று நின்றது. பெட்டி பெட்டியாக நிலக்கரி. எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். சந்திரபூரில் சுரங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்.

"கரண்டு எடுக்கப் போவுது தம்பி. இது ஒருநாளும் நிக்காது."

"இன்னும் எத்தனை காலத்துக்கு வரும் ஐயா?"

அவர் சிரித்தார். "நான் வேலைக்குச் சேர்ந்தப்போ குழியோட விளிம்புல நின்னா கீழ நிக்கிற ஆளோட மூஞ்சி தெரியும். வேலையை விட்டப்போ லாரியே எறும்பாட்டம் இருந்துச்சு. எத்தனை காலமோ, யாரு கண்டா? குழி கீழதான் போவும். மேல வராது."

பையை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தமான சந்திரபூரில் இறங்கிப் போனார். அந்த ஊரில் இருக்கும் அனல் மின்நிலையம் 2,920 மெகாவாட் திறன் கொண்டது. அதற்கு இரை போடும் கரிவயலின் பெயர் வார்தா பள்ளத்தாக்கு நிலக்கரி வயல். நான் போகிற ஊரின் பெயரும் வார்தா. இரண்டுக்கும் பெயர் கொடுத்தது ஒரே ஆறு. அது தெற்கே வந்து வைன்கங்காவோடு சேர்ந்து பிராண்ஹிதாவாகி, கோதாவரியில் கலக்கிறது. ஆற்றின் கீழ்ப்பக்கம் பூமியைத் தோண்டி எரிக்கிறார்கள். மேல்பக்கத்து ஊரில், தோண்டி எரிக்காமல் வாழ முடியுமா என்று ஒரு காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு தஞ்சாவூர்க்காரர்.

முற்பகலில் சேவாகிராம் ஸ்டேஷனில் இறங்கினேன். முன்பு இதன் பெயர் வார்தா கிழக்கு. வெயில் 45 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தெருவில் போகிற ஆணும் பெண்ணும் கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டியவர் சட்டைப் பையில் ஒரு வெங்காயம் இருந்தது. 'லூ' என்று சொல்கிற அனல்காற்று அடிக்காமல் இருக்க அது காவலாம். எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

காந்தி இந்த ஊருக்கு வந்தது 1936 ஏப்ரல் 30-ஆம் தேதி. அவரும் கோடையில்தான் வந்திருக்கிறார். அப்போது இது சேகாவ்ன் என்ற சின்னஞ்சிறு கிராமம். சேவாகிராம் என்ற பெயர் 1940-இல் வந்தது. முதலில் ஆசிரமத்தில் எல்லோரும் ஆதி நிவாஸ் என்ற ஒரே கொட்டகையில் இருந்தார்கள். இப்போது பாபு குடி என்று அழைக்கப்படும் குடில், காந்தியின் சீடர் மீராபென் தனக்காகக் கட்டிக்கொண்டது. பிறகுதான் காந்தி அதில் குடியேறினார். மண், மூங்கில், நாட்டு ஓடு. எல்லாம் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தவை. கட்டியவர்களும் சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான்.

வாசல் தாழ்வாக இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கால் வைத்ததும் உள்ளங்காலில் சாணம் மெழுகிய தரையின் குளிர்ச்சி. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்; உள்ளே மரத்தடி போல இருந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. தடித்த மண்சுவர் பகல் சூட்டை மெள்ள மெள்ள உள்வாங்கும். அந்தச் சூடு உட்பக்கம் வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுற்றிலும் தாழ்வாரம் இருப்பதால் வெயில் நேராகச் சுவரில் விழாது. நம் பாட்டி வீட்டுத் திண்ணை செய்த அதே வேலை. சுவரில் பனைமரங்களையும் ராட்டையையும் மண்ணாலேயே புடைப்பாக இழைத்திருக்கிறார் மீராபென்.

காந்தி பயன்படுத்திய பொருட்களை ஒரு பார்வையில் பார்த்து முடித்துவிடலாம். பாயும் திண்டும், குட்டை மேசை, மூன்று குரங்கு பொம்மை. பாம்பைக் கொல்லாமல் பிடித்துக் காட்டில் விடுவதற்கு ஒரு நீண்ட மரக்கிடுக்கியும் கூண்டும். பக்கத்து அலுவலகக் குடிலில் ஒரு தொலைபேசி! அவசரத்துக்குக் காந்தியைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வைஸ்ராய் லின்லித்கோ வைத்துக் கொடுத்த இணைப்பு. காந்தி என்றால் இயந்திரத்துக்கு விரோதி என்று பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குள் ஒரு சித்திரம் ஊறியிருக்கிறது. அந்தத் தொலைபேசியைப் பார்த்தால் சித்திரம் கொஞ்சம் கலையும். 1924-இல், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன் இளைஞராகக் காந்தியைச் சந்தித்து இதையே கேட்டார்: எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா? சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. கண்டுபிடித்தவன் தன் மனைவி கையால் தைத்து அல்லாடுவதைப் பார்த்து, அவள்மேல் வைத்த அன்பால் கண்டுபிடித்தது அது என்பது அவர் சொன்ன காரணம்.

1978 ஜனவரியில் சிந்தனையாளர் இவான் இல்லிச் இங்கே வந்து இந்தக் குடிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, இது சொல்லும் சேதி என்ன என்று ஓர் உரையே நிகழ்த்தினார். அவர் வந்தது ஜனவரி. என்னோடு மே மாதம் வந்திருந்தால் உரை இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

மாலை வெயில் தணிந்தபின் பக்கத்துக் குடிலின் பின்புறம் இரண்டு பெண்கள் சுவர் பூசிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை. மண்ணும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் கலந்து மிதித்து வைத்திருந்தார்கள். சுவரில் விரிசல் கண்ட இடத்தில் தண்ணீர் தெளித்து, கையால் அப்பி, உள்ளங்கையால் அரைவட்டமாக இழுத்துவிடுகிறார்கள். கரண்டி கிடையாது, ரசமட்டம் கிடையாது. உடைந்த இடம் எது, ஒட்டிய இடம் எது என்று காய்ந்தபின் கண்டுபிடிக்க முடியாது.

"வருஷா வருஷம் இதே வேலையா, மாவ்ஷி?" என் ஓட்டை இந்தியில் கேட்டேன். மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி.

மூத்தவர் திரும்பாமலே சொன்னார்: "உங்க ஊர்ல சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறதே இல்லையா?"

வாயடைத்துப் போனேன். கொஞ்சம் பொறுத்து அவரே பேசினார். அவர் வீடு சிமென்ட் வீடு. மேலே தகரம். கோடையில் கரண்ட் போனால் உள்ளே உட்கார முடியாது, வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்களாம். "மண்வீடு குளிர்ச்சிதான். எனக்குத் தெரியாதா? அதுலதான் பிறந்தேன். இங்க பூசினா கூலி உண்டு. என் வீட்டுச் சுவரைப் பூச எனக்கு யார் கூலி தருவா? காலையில இருந்து பருத்திக்காட்டுல நின்னுட்டு வந்து சாணி கரைக்கணுமா?"

இந்தப் பயணத்தில் என் காதில் விழுந்த கேள்விகளில் பெரியது இதுதான். மண்வீட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் எத்தனை பேர் சாணம் கரைத்திருப்போம்? எளிய வாழ்க்கை என்று நாம் சொல்வதன் அடியில் யாரோ ஒருவருடைய, பெரும்பாலும் ஒரு பெண்ணுடைய, அல்லது இன்ன சாதியென்று ஒதுக்கப்பட்ட ஒருவருடைய, கூலியில்லாத உழைப்பு இருந்திருக்கிறது. அம்பேத்கர் 1945-இல் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதாருக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில் இங்கேதான் கை வைத்தார். மனிதன் மிருகம் மாதிரி உழன்றுகொண்டே இருக்காமல் ஓய்வும் பண்பாடும் பெற வேண்டுமானால் இயந்திரம் வேண்டும் என்பது அவர் வாதம். ஆசிரமத்தில் கக்கூஸ் கழுவுவது முறைவைத்து எல்லோருக்கும் உண்டு, அது ஆசிரமத்துக்குள்ளே. வெளியே இருக்கிற ஊருக்கு அந்த முறை வரவில்லை. ஆகவே, உழைப்பைக் குறைக்கிற கருவி கூடாது என்று சொல்கிற எவருக்கும் மாவ்ஷியிடம் பதில் சொல்ல முடியாது. எந்தக் கருவி, யாருடைய உழைப்பை, எதைச் செலவழித்துக் குறைக்கிறது என்று கேட்கலாம். அப்படிக் கேட்டவரைத் தேடி மறுநாள் வார்தா ஊருக்குள் போனேன்.

மகன்வாடி, தொழிலதிபர் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டம். காந்தியின் உறவினரும் சபர்மதி ஆசிரமத்தின் தூணுமான மகன்லால் காந்தியின் நினைவாக அந்தப் பெயர். 1934 கடைசியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் அமைப்பாளராக இங்கே வந்து உட்கார்ந்தவர் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். முழுப்பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ்; பிறகு குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தி, அமெரிக்காவில் சிராக்யூஸிலும் கொலம்பியாவிலும் படித்தவர். இந்தியாவின் வறுமைக்கும் அரசாங்கத்தின் வரவுசெலவுக்கும் உள்ள தொடர்பைக் கொலம்பியாவில் ஆராய்ந்தார். 1929-இல் காந்தியைச் சந்தித்ததோடு கோட்டும் சூட்டும் போயின. ஆடிட்டர் மட்டும் போகவில்லை. 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்த்தபோது, தொண்டருக்கு இத்தனை அணா என்று வகுத்தவர், காந்தியோடு வந்தவர்களின் செலவுக்கு நிவாரணப் பணத்திலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார் என்பார்கள்.

குமரப்பாவின் பொருளியலை ஒரு கணக்கப்பிள்ளையின் கண்ணோடு படித்தால் சுலபமாகப் புரியும். இயற்கையில் இரண்டு வகை வளம். காடு, காற்று, மாடு, வெயில் போன்றவை ஓடுகிற நீர் மாதிரி. எடுக்க எடுக்க வரும், அளவோடு எடுத்தால். கரி, எண்ணெய், இரும்பு போன்றவை தேங்கிய குட்டை; எடுத்தால் குறையும். குட்டையை நம்பிய வாழ்க்கை ஒருநாள் வற்றும். வற்றுவதற்கு முன்பே குட்டைக்காகச் சண்டை வரும். முதலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அதை வரவு என்று எழுதுகிற பேரேட்டை எந்த ஆடிட்டர் ஒப்புவார்? இதை அவர் விரித்து எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' 1945-இல் வந்தது, எழுதியது சிறையில். பருவநிலை மாற்றம் என்ற சொல் யார் காதிலும் விழாத காலம். 1973-இல் 'சிறியதே அழகு' எழுதிய ஷூமாக்கர் குமரப்பாவை அதில் எடுத்தாண்டிருக்கிறார். உலகம் ஷூமாக்கரைப் படித்தது. நாம் ஷூமாக்கர் வழியாகக் குமரப்பாவைக் கேள்விப்பட்டோம்.

அவர் கருத்தாக எழுதியவையெல்லாம் கருவிகளாக மகன் சங்கிரகாலயத்தில் இருக்கின்றன. 1938 டிசம்பர் 30-ஆம் தேதி காந்தி திறந்துவைத்த அருங்காட்சியகம் அது. முதலில் கண்ணில் படுவது செக்கு. மகன்வாடியில் திருத்தியமைத்த செக்கு. மாட்டுக்கும் ஆளுக்கும் சிரமம் குறைந்து, எண்ணெய் கூடுதலாக இறங்கும்படி செய்தது. அடுத்து மகன் அடுப்பு. மண்ணில் செய்த புகைபோக்கி அடுப்பு; அடுப்படியில் கண்ணெரிய இருமிக்கொண்டிருந்த பெண்ணை மனத்தில் வைத்துச் செய்தது. மாவ்ஷியின் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் இருப்பதாகத் தோன்றியது. பழைய அடுப்பையும் பழைய செக்கையும் புனிதம் என்று யாரும் அப்படியே கும்பிடவில்லை. அவற்றைப் பிரித்துப் போட்டு, கஷ்டம் எங்கே இருக்கிறதென்று பார்த்து, ஊர்க் கொல்லனும் குயவனும் செய்யக்கூடிய விதத்தில் திருத்தியிருக்கிறார்கள்.

மகன் தீபம் என்றொரு விளக்கு. இறக்குமதி மண்ணெண்ணெய்க்குப் பதில் உள்ளூர் செக்கெண்ணெயில் எரியும்படி குமரப்பா உருவாக்கியது. ஆசையாகப் பார்த்தேன். ஆனால் ஒரு சின்ன எல்இடி பல்பின் முன்னால் அது நிற்காது. அதற்குத் திரும்பிப் போகச் சொன்னால் நானே போகமாட்டேன். அருங்காட்சியகத்துக்கு உரிய பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். அன்றைக்கு அந்த விளக்கைத் தூண்டிய கேள்வி மட்டும் வெளியே வரவேண்டும்: இதில் எரிவது எங்கிருந்து வருகிறது?

வெல்லத்துக்கும் அதே கேள்விதான். கரும்புக்கு நல்ல நிலமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். பனைக்குக் கட்டாந்தரை போதும். நெல் விளைகிற மண்ணைச் சர்க்கரைக்குக் கொடுப்பானேன் என்று பனைவெல்லத்தை வார்தாவில் வளர்த்தார்கள். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆயிரம் கிலோமீட்டர் வரவேண்டியிருந்தது.

ராட்டைகளின் வரிசை முன் நெடுநேரம் நின்றேன். 1929-இல் அகில இந்தியச் சர்க்கா சங்கம் நல்ல ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. இன்றைய பொறியாளர்கள் அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். குடிசையில் வைத்துக் கையாலோ காலாலோ இயக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் 16,000 கெஜம் நூல் தர வேண்டும். இருபது வருடம் உழைக்க வேண்டும். வருடாந்தரப் பழுதுச் செலவு விலையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழுது பார்ப்பதையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்! பரிசை யாரும் வாங்கவில்லை. ஆனால் இருபது வருடம் கழித்து ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களோடு ஒரு ராட்டையைச் செய்து கொண்டுவந்தவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். அவர் பெயரிலிருந்துதான் 'அம்பர் சர்க்கா' என்ற பெயர் வந்தது. 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அது நாடெங்கும் போயிற்று.

வெளியே வந்தால் பருத்தி பூமி. உலகமே நூற்கப் பஞ்சு கொடுக்கிற கரிசல் மண். 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் விதையும் மருந்தும் கடையிலிருந்துதான் வருகின்றன. விதர்பாவின் விவசாயிகள் தற்கொலையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். ஒரு ராட்டையால் இதையெல்லாம் நிறுத்தியிருக்க முடியும் என்று சொல்லமாட்டேன். விளைந்த பஞ்சு நூலாவதும் துணியாவதும் வேறெங்கோ என்றானபின், பஞ்சு விளைந்த ஊருக்கு மிஞ்சியது விலை கேட்டு நிற்பது மட்டும்தான்.

அன்று இரவு தங்கிய லாட்ஜில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய தகரப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கூலர். வார்தாவில் கூலர் இல்லாத வீட்டைப் பார்க்கவில்லை. நள்ளிரவில் அது நின்றுபோய்த் தூக்கம் போயிற்று. காலையில் லாட்ஜ் பையன் பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். வேடிக்கை பார்க்க நானும் போனேன். சந்து முழுக்கக் கூலர்க் கடைகள். மூன்று பக்கம் மரச்சீவலோ வெட்டிவேரோ திணித்த தட்டி, அதன்மேல் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர், நடுவில் ஒரு மின்விசிறி. வறண்ட காற்று ஈரத்தட்டி வழியாக உள்ளே நுழையும்போது குளிர்ந்துபோகிறது. நம் ஊர் மண்பானைத் தத்துவம். ஏசி குடிக்கிற மின்சாரத்தில் ஒரு சின்னப் பங்குதான் இதற்கு.

"இதுல கெட்டுப்போக என்ன இருக்கு, அண்ணா?" என்றார் கடைக்காரர். "மோட்டார், பம்பு, புல்லு. மூணும் இந்தத் தெருவுலயே கிடைக்கும். புல்லு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும், அவ்வளவுதான்." பத்து நிமிஷத்தில் பம்பு ஓடிற்று. பையன் சைக்கிளில் கிளம்பினான்.

ஆசிரமத்திலும் அருங்காட்சியகத்திலும் நான் தேடியதை இந்தச் சந்தில் கண்டேன். யாரும் இதற்கு எளிய வாழ்வு என்றோ பசுமை என்றோ பெயர் வைக்கவில்லை. மண்சுவருக்கு வருடத்துக்கு ஒருமுறை பூச்சு; கூலருக்கு வருடத்துக்கு ஒருமுறை புல். இரண்டையும் சரிசெய்ய ஊருக்குள்ளேயே கை உண்டு. வித்தியாசம், கூலர்க்காரருக்குக் கூலி கிடைக்கிறது, மாவ்ஷிக்குத் தன் வீட்டில் கிடைக்கவில்லை. மண்வீடுகள் அழிந்ததற்குச் சிமென்ட்டின் பலத்தைவிட இந்தக் கூலியில்லாத கைதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பழுது பார்க்கிறவருக்கு மதிப்பும் கூலியும் இருக்கிற தொழில்நுட்பம் நிலைக்கும். இல்லாதது, எத்தனை நல்லதாக இருந்தாலும், காட்சிக்கூண்டுக்குள் போய்விடும்.

கூலரை அப்படியே சென்னைக்குத் தூக்கி வரலாமா என்றால், வராது. நம் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் ததும்புகிறது. ஈரத்தட்டி அங்கே புழுக்கத்தைத்தான் கூட்டும். வார்தாவுக்கு வார்தாவின் விடை. கேள்வியை மட்டும்தான் எடுத்துவர முடியும். அந்தக் கூலரின் மோட்டாருக்கும் மின்சாரம் வருவது கரி எரித்துத்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. குறைவாக எரிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறைவுதான் பேரேட்டில் எழுதக்கூடிய முதல் உண்மையான வரவு.

திரும்பும் ரயில் பல்லார்ஷாவில் நின்றபோது பக்கத்துத் தண்டவாளத்தில் மறுபடியும் கரிவண்டி. அதேதானா, வேறா தெரியவில்லை. ஆட்டோக்காரர் தந்த வெங்காயம் பையில் வாடிப்போயிருந்தது.

குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். அவருடைய குடிலில் காந்தியின் படத்தைக் காட்டி என் எஜமானர் என்பாராம். ஓர் ஏழை உழவரின் படத்தைக் காட்டி என் எஜமானரின் எஜமானர் என்பாராம். அவர் இறந்தது 1960 ஜனவரி 30. காந்தி இறந்த அதே தேதி. மே மாத வெயிலில் வார்தாவுக்குப் போகத் தெம்பில்லாதவர்கள் மதுரையில் ராஜபாளையம் பஸ் ஏறினால் போதும். கல்லுப்பட்டி வழியில்தான் இருக்கிறது.